கோவைப் பக்கம் வீட்டில் பச்சோந்தி வளர்க்க முடியுமா? குஞ்சு எடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

எனக்கு உண்டு. ஆனால் நடந்தது கோவையில் இல்லை, டெக்சாஸில். "அமெரிக்கக் கதை சொல்ல வந்துட்டா" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், திருப்பூர் மாவட்டத்து மூலனூருக்கும் வருவேன்.

யூட்யூபில் நீலமும் சிவப்புமாக ஒரு பச்சோந்தி யாரோ ஒருவர் விரலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது பெரும்பாலும் மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியாக இருக்கும். நம் வேலிகளில் இருப்பது வேறு. இந்தியா முழுவதற்கும் பச்சோந்தி அந்த ஓர் இனம்தான். அதைப் பிடிப்பது, அடைத்து வைப்பது, விற்பது எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "எங்க தோட்டத்து வேலியில இருந்துதானுங்க எடுத்தேன்" என்பது வனத்துறையிடம் எடுபடாது. வெளிநாட்டு இனம் என்றால் 2024-இல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பிறந்தாலும், செத்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்காரர் "பேப்பர் எல்லாம் அப்புறம் தர்றேன்" என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, என் கதை. கல்யாணமாகிப் போன புதிதில் எனக்கு இருந்தது வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக ஓடிக்கொண்டிருந்தவள், அங்கே பகல் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மேல் வீட்டுக் கல்லூரிப் பையன் ஊர் மாறும்போது தன் பச்சோந்தியைக் கூண்டோடு எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஏமன், சவூதிப் பக்கத்து இனம், தலையில் உயரமாக ஒரு கொண்டை. காட்டில் பிடித்து வந்தது இல்லை, அமெரிக்காவிலேயே ஒருவர் முட்டையிலிருந்து குஞ்சு எடுத்து விற்றது. பெட்டை. பச்சையம்மா என்று பெயர் வைத்தேன்.

பச்சோந்தி கொஞ்சுவதற்கான பிராணி இல்லை. தூக்கினால் கறுத்துப்போய் வாயைப் பிளந்து சீறும். நிறம் மாறுவது பின்னால் இருக்கும் இலையைப் பார்த்து இல்லை. சூடு, வெளிச்சம், பயம், கோபம், எதிரில் இன்னொரு பச்சோந்தி, இவைதான் காரணம். தோலுக்குள் நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, அவற்றின் இடைவெளி கூடிக் குறைவதால்தான் நிறம் மாறுகிறது என்று 2015-இல் ஜெனீவா ஆராய்ச்சியாளர்கள் பாந்தர் பச்சோந்தியை வைத்துக் காட்டினார்கள். பச்சையம்மா என்னைப் பார்த்துக் கறுக்காமல் இருந்த நாளை நான் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் சீண்டாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஊசித் துளை போட்டுக் கூண்டின் மேல் வைத்தேன், செடியில் சொட்டிக்கொண்டே இருந்தது. எச்சத்தில் வெள்ளையாக வரும் பகுதி ஆரஞ்சு நிறமானால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். புறஊதா விளக்கு கட்டாயம். "எங்க வீட்டு ஜன்னல்ல நல்ல வெயில் அடிக்குது" என்று சொல்லாதீர்கள், எலும்புக்குத் தேவையான கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். சுவர்க்கோழிப் பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டித்தான் போட வேண்டும். இல்லையென்றால் கால் எலும்பு வளைந்து, கிளையைப் பிடிக்க முடியாமல் விழும். கூண்டு கண்ணாடித் தொட்டியாக இல்லாமல் காற்றோட்டமான வலையாக, நல்ல உயரமாக இருக்கட்டும். ஒரு கூண்டுக்கு ஒன்றுதான்.

இனி நீங்கள் கேட்ட குஞ்சு விஷயம். இந்த இனத்தில் பெட்டை ஆண் துணையே இல்லாமலும் முட்டை போடும், பொரியாத கூமுட்டை. போட இடம் இல்லையென்றால் உள்ளேயே தங்கி உயிரையே எடுத்துவிடும். பச்சையம்மா ஒரு வாரம் இரையைத் தொடாமல் கூண்டின் தரையில் அலைந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு பெரிய பக்கெட்டில் ஓர் அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பி உள்ளே வைத்தேன். தோண்டும்போது யாராவது பார்ப்பது தெரிந்தால் குழியைப் பாதியில் விட்டுவிடும். அதனால் கூண்டைச் சுற்றிப் பெட்ஷீட்டைக் கட்டிவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் டி.வி. சத்தத்தைக்கூடக் குறைத்துவிட்டு இருந்தோம். தோண்டி, போட்டு, மூடி, மேலே வந்து தண்ணீர் குடித்தது. நாற்பதுக்கு மேல் முட்டைகள்.

சந்தோஷத்தில் குடும்ப வாட்ஸப் குழுவில் படம் போட்டேன். ஓர் அத்தை பதில் போட்டார்: "அதுக்குக்கூட ஆயிருச்சு, உனக்கு எப்பக் கண்ணு?" சிரிப்புப் பொம்மை வேறு. கல்யாணத்துக்குப் போனால், எழவுக்குப் போனால், மாரியம்மன் நோம்பிக்குப் போனால், "விசேஷம் ஒண்ணுமில்லைங்களா?" டாக்டரிடம் போனோமா, யாருக்குக் குறை, எவ்வளவு செலவு, எல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? என் வீட்டுக்காரரிடம் சம்பளம் கேட்பார்கள், என்னிடம் வயிறு கேட்பார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் "பிள்ளை இல்லாததால் ஓணானை வளர்த்தாள்" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள், அதனால் எழுதிவிட்டேன். ஓணான் வேறு, பச்சோந்தி வேறு என்றும் அவர்களுக்கு இப்போதாவது தெரியட்டும்.

பிறகு இதே இனம் வைத்திருந்த ஒருவர் தன் ஆணைக் கொண்டு வந்தார். முதலில் தூரத்தில் இருந்து காட்ட வேண்டும். பெட்டை கறுத்து, வாய் பிளந்து ஆடினால் விருப்பமில்லை, உடனே பிரித்துவிட வேண்டும். நிதானமாக, வெளிர் பச்சையாகவே இருந்தால் விடலாம். சேர்ந்த பிறகு கருமையில் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் வந்தால் சினை. ஒரு மாதத்துக்குள் முட்டை. எடுக்கும்போது உருட்டக்கூடாது, மேல் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அதே வாக்கில் ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள்) வைக்க வேண்டும். 27, 28 டிகிரி செல்சியஸில் ஆறு முதல் ஒன்பது மாதம். கோழி அடை வைத்த பழக்கத்தில் இருபத்தோரு நாள் கணக்குப் போடாதீர்கள்.

பொரிந்த பிறகுதான் பாடு. அத்தனை வாய்க்கும் பழ ஈ, பொடிப் பூச்சி, நாள் தவறாமல். கொஞ்சம் வளர்ந்தால் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும், தனித்தனிக் கூண்டு வேண்டும். குதிங்காலில் சின்ன முள் மாதிரி இருப்பது ஆண். வளர்க்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துத் தீர்ப்பதற்குள் எங்கள் வீடே பூச்சிப் பண்ணையாகிவிட்டது. விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தில் கேட்டிருந்தால் எருமை வாங்குங்கள்.

விலங்கு ஆர்வலர்கள் என்னைத் திட்ட வேண்டாம். கூண்டில் பொரித்ததைக் காட்டில் விட முடியாது, ஃபுளோரிடாவில் அப்படித் தப்பியவை காடேறிப் பெருகிவிட்டன. கையில் வந்ததைக் கடைசிவரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இப்போது மூலனூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறேன். இந்தப் பக்கத்துக் கொறங்காடு, அதாவது மழையை நம்பிய மேய்ச்சல் காடு, தெரியும் இல்லையா, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் நடுவில், சுற்றிலும் கிளுவை வேலி. நம் ஊர்ப் பச்சோந்திக்கு அந்த வேலியைவிட நல்ல கூண்டை நீங்கள் எந்த விலைக்கும் செய்ய முடியாது. துளி விழும் இலை, பூச்சி, வெயில், நிழல், முட்டை போட இளகிய மண் எல்லாம் அங்கேயே இருக்கிறது. அந்த வேலியைத்தான் ஜேசிபியில் வழித்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறார்கள். எங்கள் பங்காளிகளும் கட்டினார்கள். கிழக்குப் பக்க வேலியை மட்டும் நான் தொட விடவில்லை.

பார்க்க ஆசையாக இருந்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போய்க் கிளை நுனிகளைப் பாருங்கள். தூங்கும்போது வெளிறிப்போய் இருக்கும், பகலில் கண்ணில் படாதது அப்போது சுலபமாகத் தெரியும். விஷம் எதுவும் கிடையாது, ஆனாலும் தொடாதீர்கள். போவதற்கு முன்னால் தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆடு திருட வந்தவன் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிடுவார்கள்.