மீட்டரைத் திருப்பி விற்ற கார்: திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். ஃபோக்ஸ்வேகனின் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் வாங்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. கோவையில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு கார் கன்சல்டிங்கில் 2014 மாடல் ஒன்று கிடைத்தது. மீட்டர் 62,000 கி.மீ. காட்டியது. ஆன்லைன் விளம்பரத்திலும் 'ஒரிஜினல் 62,000, சிங்கிள் ஓனர்' என்றே போட்டிருந்தார்கள். 4,75,000 ரூபாய்க்கு முடித்தேன். ஐந்தாவது வாரம் அவிநாசி சாலை சிக்னலில் கியர் விழாமல் நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டருக்குக் கட்டி இழுத்துப் போனால், 2022-லேயே இந்த வண்டி 1,31,000 கி.மீ. ஓடியிருப்பதாக அவர்கள் ரெக்கார்டு சொல்கிறது. கியர்பாக்ஸ் வேலைக்கு 1,90,000 எஸ்டிமேட். செலவு குறையும் என்று வெளி வொர்க்‌ஷாப்புக்கு மாற்றினேன். அவர்கள் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்ததற்கு 6,500 ரூபாயும், தினம் 300 ரூபாய் பார்க்கிங்கும் கேட்கிறார்கள். கன்சல்டிங்காரர், 'பழைய வண்டி, உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்' என்கிறார். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில் இருக்கிறது. அவர் எக்ஸாஸ்ட்டை (புகைக்குழாயை) மாற்றி, இசியு ரீமேப்பும் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) செய்திருக்கிறார். பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? ஆனால் வண்டியை விடவும் மனசில்லை.

பதில்: முழுப் பணமும் வேண்டும், வண்டியும் வேண்டும் என்றால் சட்டம் கையை விரித்துவிடும். இரண்டில் ஒன்றை முதலில் முடிவு செய்யுங்கள். கன்சல்டிங்காரருக்கு அனுப்பும் நோட்டீஸில் என்ன கேட்பது, ஆர்.சி.யை என்ன செய்வது, வொர்க்‌ஷாப்பில் வேலை தொடங்கலாமா என்பதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தவை.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 19-வது பிரிவு, ஏமாற்றப்பட்டவருக்கு இரண்டு வழி தருகிறது. ஒன்று, ஒப்பந்தத்தையே ரத்து செய்து வண்டியைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பது. மற்றொன்று, வண்டியை வைத்துக்கொண்டு, விற்றவர் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் தான் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலையில் தன்னை வைக்கும்படி கேட்பது. உங்கள் விஷயத்தில் இரண்டாவது வழி என்பது, 62,000 ஓடிய வண்டிக்கும் 1,31,000-க்கு மேல் ஓடிய வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம். அதற்கு, இதே மாடல், இதே ஆண்டு, அதிகம் ஓடிய வண்டிக்கு என்ன விலை போகிறது என்று வேறு இரண்டு டீலர்களிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வண்டியை வைத்துக்கொண்டு 1,90,000 முழுவதையும் கன்சல்டிங்காரர் தலையில் கட்டலாம் என்று நினைத்தால் அது நடப்பது கடினம். பன்னிரண்டு வருஷத்து டர்போ காரின் கியர்பாக்ஸ் தேய்வது அந்த வண்டியின் வயது. டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் உள்ள தானியங்கி) கியர்பாக்ஸும் ரீமேப்பும் உள்ள வண்டியை ஆசைப்பட்டு வாங்குகிறவர் இந்தச் செலவுக்கும் சேர்த்துத்தான் மனசைத் தயார் செய்திருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுவார். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். தேய்மானத்துக்கு விற்றவர் பொறுப்பில்லை. கிலோமீட்டரைப் பற்றிச் சொன்ன பொய்க்குப் பொறுப்பு உண்டு. உங்கள் கோரிக்கை முழுக்க அந்தப் பொய்யைச் சுற்றியே இருக்கட்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2022-இல் 1,31,000 என்றால் அதற்குப் பிறகு எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றைத் திருத்தியவர்கள் வேறு எதைத் தொட்டார்கள் என்பதும் தெரியாது.

'உள்ளது உள்ளபடி' என்ற கையெழுத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன்படி, வாயால் சொல்லாவிட்டாலும் உண்டு என்று சட்டமே கருதும் சில உத்தரவாதங்களை இருதரப்பும் பேசி விலக்கிக்கொள்ளலாம் என்பது உண்மை. 'வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும்' என்ற பழைய விதியும் 16-வது பிரிவில் இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் 'ஒரிஜினல் 62,000' என்று எழுதிக் கொடுத்தது வெளிப்படையான வாக்கு. ஏமாற்றி வாங்கிய கையெழுத்து ஏமாற்றியவரைக் காப்பாற்றாது.

அடுத்து கன்சல்டிங்காரர் சொல்லப்போவது: 'சர்வீஸ் சென்டரில் நம்பரைச் சொல்லிக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்குமே.' கவனமாகக் கையாள வேண்டிய வாதம் இது. அதே 19-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், தெரியாமல் சொன்ன தவறான தகவலையோ, மௌனமாக மறைத்ததையோ காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. தெரிந்தே வாய் திறந்து சொன்ன பொய்க்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. அதனால் கன்சல்டிங்காரர் 'மீட்டரைத் திருப்பியது பழைய ஓனர், எனக்கு எதுவும் தெரியாது' என்ற இடத்துக்குத்தான் ஓடுவார். அந்தக் கதவை நீங்கள் முன்கூட்டியே சாத்த வேண்டும்.

எப்படி? பழைய ஓனரிடம் நேராகப் பேசுங்கள், சண்டையாக வேண்டாம். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். நாளை இந்த வண்டி யார் மீதாவது மோதினால் நஷ்ட ஈட்டு வழக்கில் அவர்தான் நிற்க வேண்டிவரும். இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னாலே ஒத்துழைப்பார். வண்டியைக் கன்சல்டிங்கில் விட்ட அன்று மீட்டர் என்ன காட்டியது என்று அவரிடம் கேளுங்கள். போட்டோவோ, வாட்ஸப் உரையாடலோ, பழைய டெலிவரி நோட்டோ இருந்தால் அதுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

இன்னொன்றையும் பாருங்கள். பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற மத்திய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. வண்டி டீலர் கைக்கு வந்ததும் அதை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அதன்பின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நோக்கம், ஓட்டியவர், நேரம், கிலோமீட்டர் எல்லாம் எழுதிய மின்னணுப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். உங்கள் நோட்டீஸில் அந்தப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். வைத்திருந்தால் வண்டி அவர் கைக்கு வந்தபோது இருந்த கிலோமீட்டர் அதிலிருந்து தெரிய வரலாம். வைத்திருக்கவில்லை என்றால், அங்கீகாரம் உண்டா என்ற கேள்வியை ஆர்.டி.ஓ.விடம் மனுவாகக் கொடுக்கலாம். பல கன்சல்டிங்காரர்கள் கோர்ட் நோட்டீஸைவிட இந்த மனுவுக்குத்தான் வேகமாகப் பேச வருகிறார்கள்.

இப்போது வொர்க்‌ஷாப். முதல் வேலையாக ஒரு போன் போட்டு, ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடுகளை (எரர் கோட்) அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த ரக வண்டிகளில் ஒரு பிழை எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்பதும் அந்தப் பதிவோடு சேர்ந்து நிற்பதுண்டு. மீட்டரைத் திருப்பியவர்கள் டாஷ்போர்டைத் திருத்தியிருப்பார்கள், உள்ளே கிடக்கும் பழைய பிழைப் பதிவை மறந்திருப்பார்கள். '1,18,000 கி.மீ.' என்று ஒரு வரி அதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சேஸிஸ் எண்ணோடு அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து, மெக்கானிக்கின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். பிரேக் பெடல் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருப்பது, டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் அமுங்கிக் கிழிந்திருப்பது, ஸ்டீயரிங் பளபளப்பாகிக் கிடப்பது எல்லாவற்றையும் தேதி விழும்படி போட்டோ எடுங்கள். தனித்தனியாக இவை எதையும் நிரூபிக்காது. சர்வீஸ் ரெக்கார்டோடு சேர்ந்தால் பேசும். கழற்றிய பாகங்கள் ஒன்றும் குப்பைக்குப் போகக் கூடாது.

பார்க்கிங் விஷயம்: செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க வொர்க்‌ஷாப்புக்கு ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவில் உரிமை உண்டு. ஆகவே 6,500-ஐக் கொடுத்துவிடுங்கள், பில் வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் கன்சல்டிங்காரரிடம் கேட்கப்போகிறோம். தினம் 300 என்று ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டில்) முன்பே எழுதி நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அந்தப் பாக்கிக்காக வண்டியை மறிக்க அதே பிரிவு உதவாது. இதைச் சொல்லிப் பேசினால் பெரும்பாலும் குறைத்துக்கொள்வார்கள். மற்றபடி, முடிவு எடுக்கும்வரை ரிப்பேர் வேலை தொடங்க வேண்டாம். உண்மை தெரிந்தபிறகும் ரிப்பேர் செய்வது, ஓட்டுவது, ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுவது எல்லாம் 'இந்த வண்டி எனக்குச் சம்மதம்' என்று நீங்களே சொல்வதாக ஆகும். சரக்கு விற்பனைச் சட்டம் 42-வது பிரிவின்படி, வேண்டாம் என்று நியாயமான காலத்துக்குள் சொல்லாமல் வைத்திருந்தாலே ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதனால் நோட்டீஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆர்.சி.யைப் பொறுத்தவரை, வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அது தாண்டிவிட்டது. திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் மாற்றாதீர்கள், ஆனால் வண்டியை ரோட்டில் இறக்கவும் செய்யாதீர்கள். பழைய ஓனர் பெயரிலுள்ள பாலிசி மூன்றாம் நபர் நஷ்ட ஈட்டுக்குத் தொடரும். உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு நீங்கள் கிளெய்ம் கேட்க முடியாது. வண்டி பிரிந்து கிடப்பதால் எப்படியும் ஓட்ட முடியாது என்பது ஒரு நன்மை. வைத்துக்கொள்வதாக இருந்தால் உடனே படிவம் 29, 30 கொடுத்துப் பெயரை மாற்றி, இன்சூரன்ஸையும் மாற்றுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகுமுன் கம்பெனி எக்ஸாஸ்ட்டை மாட்டிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் கே.ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று 182ஏ பிரிவு சொல்கிறது. சத்தத்துக்காகத் தனி வழக்கும் வரலாம். மாட்டியவர் பழைய ஓனர்தான் என்றாலும் நாளை போலீஸ் நிறுத்துவது ஓட்டுகிற உங்களைத்தான். ரீமேப்பும் கம்பெனி மேப்புக்குத் திரும்பட்டும். இல்லாவிட்டால் பெரிய கிளெய்மில் இன்சூரன்ஸ் கம்பெனி அதைக் கிளறும்.

வழக்கு எங்கே? கன்சல்டிங்காரர் இதைத் தொழிலாகச் செய்பவர் என்பதால் நுகர்வோர் ஆணையம் திறந்திருக்கிறது. தனி நபரிடம் வாங்கியிருந்தால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. கோவைக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நிபுணர் பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், அதற்குத் தயாராக இருங்கள். விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டுக்கும் வாட்ஸப் செய்திகளுக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படியான மின்னணு ஆதாரச் சான்றிதழ் இணைத்துவிடுங்கள்.

போலீஸுக்கும் போகலாம். பாரதிய நியாய சன்ஹிதா (புதிய குற்றவியல் சட்டம்) 318(4)-இன்படி ஏமாற்றிப் பணம் பெறுவதற்கு ஏழு வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் ஸ்டேஷனில் 'இது சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்பத்தான் பார்ப்பார்கள். திருத்தியது யார் என்று காட்டும் ஆதாரம் கையில் வந்தபிறகு போங்கள்.

நோட்டீஸைப் பதினைந்து நாள் கெடுவோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் அதோடு இணைந்துவிட்டது. வண்டியை இன்ன இடத்தில் வந்து எடுத்துக்கொள், 4,75,000-ஐயும், கட்டி இழுத்த செலவையும், 6,500-ஐயும் திருப்பிக் கொடு என்று தெளிவாக இருக்கட்டும். நோட்டீஸ் கிடைத்ததும் 'ஒரு லட்சம் தருகிறேன், விட்டுவிடுங்கள்' என்று அவர் போன் பண்ண வாய்ப்பு அதிகம். அந்தத் தொகை உங்களுக்கு ஒத்துவந்தால், அது விலை வித்தியாசத்துக்காகத் தரும் பணம் என்றும், ஆர்.சி. மாற்றத்துக்குரிய கையெழுத்துகளைத் தன் பொறுப்பில் இத்தனை நாளுக்குள் வாங்கித் தருவதாகவும் எழுதி வாங்கிக்கொண்டு, பணம் வங்கியில் வந்தபிறகு வொர்க்‌ஷாப்புக்கு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.