பாசிசம் இடதா, வலதா?

கேள்வி இதுதான்: இத்தாலியில் பாசிசத்தைத் தொடங்கிய சர்வாதிகாரி முசோலினி முதலில் சோசலிஸ்ட்தானே, அப்படியென்றால் பாசிசமும் இடதுசாரி இல்லையா?

எங்கள் ஊர் வாசிகசாலையில் வாக்குவாதம் முற்றினால் எதிராளிக்கு உடனே "பாசிஸ்ட்" பட்டம் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் அவ்வளவு மலிவு. ஆனால் அதற்கு ஒரு குறிப்பான பொருள் இருக்கிறது.

பாசிசம் என்ற பெயர் 'பாஷ்சோ' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது; அதற்குக் கட்டு என்று பொருள். பழைய ரோமில் அதிகாரிகளுக்கு முன்னால் கோடரி செருகிய தடிக்கட்டைத் தூக்கிப் போவார்கள். தனி ஈர்க்கை ஒடிக்கலாம், விளக்குமாற்றை ஒடிக்க ஏலாது என்று அம்மம்மா சொல்லுவாவே, அதே கணக்குத்தான். என்ன, இந்தக் கட்டில் ஈர்க்குக்கென்று சொந்த விருப்பம் கிடையாது. நடுவில் கோடரி வேறு.

முசோலினி சோசலிஸ்ட் பத்திரிகை ஆசிரியராக இருந்தது உண்மை. 1914இல் உலகப் போரை ஆதரித்ததற்காகக் கட்சி அவரை வெளியேற்றியது. 1919இல் மிலானில் சொந்த இயக்கம் தொடங்கினார். பிறகு அவருடைய அடியாட்படையான கறுப்புச்சட்டைக்காரர் யாரை அடித்தார்கள் என்று பாருங்கள்: தொழிற்சங்கக்காரரை, சோசலிஸ்டுகளை. பெரிய நிலச்சொந்தக்காரர் அதற்குக் காசு கொடுத்தார்கள். 1922இல் மன்னரே அவரைப் பிரதமராக்கினார். 1926இல் வேலைநிறுத்தம் சட்டவிரோதமானது. தொழிற்சாலைகளோ பெரும்பாலும் முதலாளிகளிடமே இருந்தன.

அதனால்தான் ஆய்வாளர்களில் பெரும்பாலானோர் அதைத் தீவிர வலதில் வைக்கிறார்கள். இடதுசாரிகள் சமத்துவத்தைப் பேசுவார்கள், பாசிசமோ தேசத்தின் பெருமையையும் தலைவனுக்குக் கீழ்ப்படிவதையும் பேசும். சோவியத் ஒன்றியத்தின் கம்யூனிஸ்ட் தலைவர் ஸ்டாலினும் கொடிய சர்வாதிகாரிதான், ஆனால் பாசிஸ்ட் அல்ல. எல்லாச் சர்வாதிகாரத்துக்கும் ஒரே பெயர் பொருந்தாது.