பனியிலிருந்து வீட்டுத் தோட்டச் செடிகளைக் காக்க, செலவில்லாமல் மூடியும் டன்னலும் நாமே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். நான் இருப்பது வட்டவடைப் பக்கம், கோவிலூர். மூணாறிலிருந்து 45 கிலோமீட்டர். கேரளாதான், ஆனால் வீட்டுக்கு வீடு பேசுவது தமிழ். மார்கழி, தையில் சில நாள் விடியும்போது புல்வெளி உப்பைக் கொட்டி வைத்ததுபோல வெளுத்துக் கிடக்கும். முட்டைக்கோஸ், கேரட், பூண்டு எல்லாம் அதைத் தாங்கிக்கொள்ளும். தக்காளி, மிளகாய், பீன்ஸ் தாங்காது. வெயில் ஏறியதும் இலை வெந்த கீரைபோலத் தொங்கிவிடும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு பாத்திகளை ஆறு வருடமாக மூடித்தான் காப்பாற்றி வருகிறேன்.

எதை எப்போது மூடுவது என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம். வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில்தான் உறைபனி விழும். மண்ணில் இருக்கிற சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. மேகம் இருந்தால் அந்தச் சூட்டைத் திருப்பி அனுப்பும், அன்றைக்குக் கவலை இல்லை. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் கீழ்ப் பாத்திக்குத்தான் முதல் மூடி.

ஒற்றைச் செடிக்கு 2 லிட்டர் பாட்டில் போதும். அடியை வெட்டிவிட்டுச் செடிமேல் கவிழ்த்து, இரண்டு விரல் ஆழத்துக்கு மண்ணில் அழுத்துங்கள். பக்கத்துக்கு ஒரு குச்சி நட்டு, சணலால் சேர்த்துக் கட்டினால் காற்றுக்குப் பறக்காது. வளர்ந்த செடிக்கு ஓட்டை விழுந்த 20 லிட்டர் தண்ணீர் கேன். பகலில் பாட்டில் மூடியைக் கழற்றுங்கள், பொழுது சாயும்போது திருகிவிடுங்கள். கோழி கிளறுவதும் இதனால் நின்றுபோகும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டக்காரர்கள் கண்ணாடியால் செய்த மணிகளை இப்படித்தான் கவிழ்த்து வைத்தார்கள். எங்கள் அம்மா வெயிலுக்குப் பயந்து புது நாற்றின்மேல் வாழைப்பட்டையை வளைத்துக் குத்துவார். ஊர் வேறாக இருந்தாலும் யோசனை ஒன்றுதான்.

பாத்தி முழுக்க மூட டன்னல்தான் வேண்டும். 3 அடி அகலப் பாத்திக்கு 6 அடி நீள மூங்கில் பிளாச்சு எடுத்து, இரண்டு முனையையும் முக்கால் அடி மண்ணில் குத்தி வளையுங்கள். நடுவில் ஒன்றரை அடி உயரம் கிடைக்கும். இரண்டரை அடிக்கு ஒரு வளைவு என்றால் 10 அடிப் பாத்திக்கு ஐந்து பிளாச்சு. எல்லா வளைவையும் உச்சியில் ஒரே கயிற்றால் இணைத்துக் கட்டாவிட்டால் முதல் காற்றுக்கே சாய்ந்துவிடும். சிம்பைக் கத்தியால் சீவிவிடுங்கள், இல்லையென்றால் மேலே போர்த்தும் பிளாஸ்டிக் தாள் கிழியும். 6 அடி அகலம், 14 அடி நீளம் உள்ள தாளைப் போர்த்தி, ஓரத்தில் கல் வைக்கலாம். இலை தாளில் படக் கூடாது. பட்ட இடமெல்லாம் கருகும், என் பீன்ஸில் பார்த்திருக்கிறேன்.

தாளுக்கு மட்டும்தான் காசு. சாதாரணத் தாள் ஒரு கோடையிலேயே பொடிப்பொடியாக உதிரும். இங்கே பலரும் மழமறை (மழை படாமல் காய்கறி வளர்க்கும் பிளாஸ்டிக் கொட்டகை) கட்டுவதால், அதற்குப் போடும் யூவி தாளில், அதாவது வெயிலைத் தாங்கும் தாளில், மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும். கேட்டு வாங்கிக்கொள்வேன்.

இப்போது முக்கியமான விஷயம். மெல்லிய பிளாஸ்டிக் காற்றைத் தடுக்கும், ஆனால் மண்ணிலிருந்து கிளம்பும் வெப்பத்தைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். தெளிந்த இரவில் டன்னல் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. அதன்மேல் பழைய போர்வையோ சாக்கோ வைக்கோலோ போட வேண்டும். மதியமே மண்ணை நனைத்து வையுங்கள். ஈர மண் பகல் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும்.

காலையில் திறப்பதை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாம் வருடம் ஒரு நாள் விடியற்காலை பஸ்ஸில் மூணாறு போய்விட்டேன், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மதியம் திரும்பி வந்து தாளைத் தூக்கினால் முகத்தில் ஆவி அடிக்கிறது. நாற்பது தக்காளி நாற்றும் அவிந்து கிடந்தன. பனிக்கு ஒன்றுகூடப் போகவில்லை, எல்லாம் வெயிலுக்குப் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. இப்போது யார் வெளியே போனாலும் வீட்டில் இருப்பவர் எட்டு மணிக்குள் இரண்டு முனையையும் திறந்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. எப்போதும் மூடியே கிடந்தால் உள்ளே ஈரம் தேங்கி நாற்றழுகலும் வரும். பூசணி, வெள்ளரி பூத்துவிட்டால் பகலில் முழுசாகவே எடுத்துவிடுங்கள், தேனீ உள்ளே வர வேண்டும்.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. பாலக்காடு, சித்தூர் மாதிரி சமவெளி என்றால் பனிக்காக எதுவும் செய்ய வேண்டாம். அதே மூங்கில் வளைவுகளை அப்படியே விட்டுவிட்டு, கோடையில் நிழல்வலை போடுங்கள். மழைக்காலத்தில் தாளை உச்சியில் மட்டும் போட்டு, பக்கங்களை ஒரு சாண் தூக்கிக் கட்டிவிடுங்கள்.