கால்சியம் மாத்திரை கொடுத்தால் செல்கள் ஒட்டிக்கொள்ளுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய ஆத்தாவுக்கு வயது 52. மூன்று மாதமாக வாய்ப்புண், பி காம்ப்ளெக்ஸ் போட்டும் ஆறவில்லை. அப்புறம் முதுகிலும் மார்பிலும் கொப்புளங்கள் வந்தன. சேலை உரசினாலே உடைந்தன. சொந்தக்காரர்கள் அக்கி என்று சொல்லி, வேளார் வீட்டில் காவி எழுதச் சொன்னார்களாம். மதுரையில் தோலைச் சோதித்த மருத்துவர், "இது பெம்பிகஸ், செல்களை ஒட்டும் பசை விட்டுப்போகிறது" என்றிருக்கிறார். வாசகி கேட்பது: இது தொற்றுமா? செல்களை ஒட்டவைப்பது கால்சியம் என்கிறார்களே, அந்த மாத்திரை கொடுத்தால் சரியாகுமா? ஸ்டீராய்டை எப்போது நிறுத்தலாம்?

தொற்றாது. ஆத்தாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். நோயின் வேதனையோடு இந்த ஒதுக்கலும் சேர வேண்டாம். அக்கி வேறு நோய். அது வைரஸால் வருவது, பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாக வரும். உடைந்த கொப்புளத்தின் மேல் காவி பூசினால் கிருமிதான் உள்ளே போகும்.

கால்சியம் பற்றி நீங்கள் படித்தது தவறில்லை. தோலின் செல்களைச் சுவரில் அடுக்கிய செங்கல் போலவும், நடுவே சாந்து நிரப்பியது போலவும் பலர் நினைக்கிறார்கள். சட்டையில் வைக்கும் பிரஸ் பட்டன்தான் பொருத்தமான உதாரணம். ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் அங்கங்கே பட்டனின் ஒரு பாதி இருக்கிறது. பக்கத்துச் செல்லின் பாதியோடு அது பூட்டிக்கொள்கிறது. இந்தப் பட்டனுக்கு டெஸ்மோசோம் என்று பெயர். செல்லுக்கு உள்ளே கெரட்டின் இழைகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. அதனால்தான் தோலை இழுத்தாலும் தேய்த்தாலும் கிழிவதில்லை. வெளியே நீட்டிக்கொண்டு பூட்டுகிற புரதம் டெஸ்மோக்ளீன். அது கேட்ஹெரின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஜப்பானிய அறிஞர் மசாடோஷி டகேயிச்சி வைத்த அந்தப் பெயரிலேயே கால்சியம் இருக்கிறது: கால்சியத்தை நம்பி ஒட்டுவது என்று பொருள். புரதத்தின் கணுக்களுக்கு நடுவே கால்சியம் உட்கார்ந்தால்தான் அது விறைப்பாக நிற்கும். ஆய்வகத்தில் செல்களைப் பிரிக்கக் கால்சியத்தை எடுத்துவிடுவது வழக்கம்.

ஆனால் உங்கள் ஆத்தாவின் உடம்பில் கால்சியம் குறைந்து பட்டன் கழலவில்லை. ரத்தத்தில் அதன் அளவு குறையப் பார்த்தால், உடம்பு எலும்பிலிருந்து எடுத்தாவது சரிக்கட்டிவிடும். கோளாறு நோய் எதிர்ப்பு சக்தியில். கிருமியைப் பிடிக்க வேண்டிய எதிர்ப்புரதங்கள் டெஸ்மோக்ளீனைப் பிடித்துக்கொண்டு பட்டனைக் கழற்றுகின்றன. நோயாளிகளின் ரத்தத்தில் இவை இருப்பதை பியூட்னரும் ஜோர்டனும் 1964-இல் காட்டினார்கள். பசை வாங்கிப் போடுவதில் பயனில்லை, கழற்றுகிற கையை நிறுத்த வேண்டும். சிகிச்சை அத்தனையும் அதற்காகத்தான்.

வாயில் ஏன் முதலில் வந்தது? வாயின் உள்தோல் பெரும்பாலும் டெஸ்மோக்ளீன் 3 என்ற வகையை நம்பியிருக்கிறது. உடம்புத் தோலில் டெஸ்மோக்ளீன் 1-உம் துணைக்கு இருப்பதால், 3 போனாலும் அது தாங்கிக்கொள்ளும். 1-உம் தாக்கப்படும்போதுதான் முதுகில் கொப்புளம் வருகிறது. ஒரு நல்ல செய்தி: அடி வரிசைச் செல்கள் தரையைப் பிடித்திருப்பது இன்டெக்ரின் என்ற வேறு புரதத்தால். இந்த நோய் அதைத் தொடுவதில்லை. அடித்தளம் நிற்பதால், புண்கள் ஆறினால் பெரும்பாலும் தழும்பு விழாது. கறுப்பு மட்டும் சில காலம் இருக்கும்.

ஸ்டீராய்டை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் நோய் திரும்பும். அதைவிட, உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும், உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே உருவான எதிர்ப்புரதம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 3 வாரம் ஆகும். மருந்து தொடங்கி பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று மனம் தளராதீர்கள். எதிர்ப்புரதம் செய்யும் செல்களின் முன்னோடிகளை அழிக்கும் ரிடுக்சிமாப் ஊசியும் உண்டு. அதைப் போடுமுன் காசநோய், மஞ்சள்காமாலை பி சோதனைகள் அவசியம். கால்சியம் மாத்திரையும் மருத்துவர் எழுதுவார். அது ஸ்டீராய்டால் எலும்பு தேயாமல் இருக்க.

வாய் ஆறும்வரை காரமும் மொறுமொறுப்பும் வேண்டாம். முறுக்கு, தேன்குழலின் விளிம்பு பட்டாலே உள்தோல் உரியும். தேங்காய்ப்பால் விட்டு ஊறிய இடியாப்பம், ஆறவைத்த குழைந்த சாதம், பருப்பு கொடுங்கள். இனிப்பான கும்மாயம் மிருதுவாக இருக்கும்தான், ஆனால் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், சோதித்துவிட்டுக் கொடுங்கள். புதுக் கண்டாங்கி உரசும். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய சேலையை உடுத்தவும் படுக்கையில் விரிக்கவும் செய்யலாம். ஒட்டும் பிளாஸ்திரி மட்டும் கூடவே கூடாது, பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

காய்ச்சல், புண்ணில் சீழ், கண் சிவப்பு, தண்ணீர்கூட விழுங்க முடியாத நிலை, இவற்றில் எது வந்தாலும் அன்றே கூட்டிப்போங்கள். அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.