எஃப்.டி.டி.யும் மாநிலப் பதிவும்: அமெரிக்க வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு டியூஷன் மையத்தின் ஃபிரான்சைஸ் எடுக்கவிருக்கிறேன். எஃப்.டி.டி.யை இங்கே பதிவு செய்யவில்லை என்கிறது நிறுவனம். இது சட்டமீறல்தானே?

பதில்: இல்லை. ஃபிரான்சைஸ் வெளிப்படுத்தல் ஆவணமான எஃப்.டி.டி.யை 23 தலைப்புகளில் தயாரித்து, நீங்கள் கையெழுத்திடுவதற்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே உங்களிடம் தர வேண்டும் என்பதுதான் ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி. பதிவை அது கேட்பதில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய், வர்ஜீனியா போன்ற சில மாநிலங்களே விற்பனைக்கு முன் பதிவைக் கட்டாயமாக்கியுள்ளன. நியூ ஜெர்சி அந்த வரிசையில் இல்லை. ஆகவே உங்கள் கையிலுள்ள பிரதியை எந்த மாநில அதிகாரியும் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை மனதில் வைத்து, ஃபிரான்சைஸ் வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள்.

கேள்வி: வீடு மேரிலாந்தில், கடை பென்சில்வேனியாவில். எந்த மாநிலச் சட்டம் பொருந்தும்?

பதில்: கடை இருக்கும் இடத்தை மட்டும் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. வாங்குபவர் மேரிலாந்துவாசி என்றாலே அம்மாநிலத்தின் பதிவுச் சட்டம் பொருந்தும். பென்சில்வேனியாவில் பதிவுச் சட்டம் இல்லாதது நிறுவனத்துக்குச் சாக்காகாது.

கேள்வி: பதிவான ஆவணம் என்றால் அரசு சரிபார்த்தது என்று நம்பலாமா?

பதில்: கூடாது. உள்ளே இருக்கும் தகவல்களை எந்த அரசு அமைப்பும் சரிபார்க்கவில்லை என்று ஆவணத்தின் அட்டைப் பக்கமே சொல்கிறது. அதைவிட ஆவணத்தின் 23 தலைப்புகளில் 20-ஆவதான ஐட்டம் 20-இல் உள்ள பட்டியலில், கடந்த ஆண்டு ஃபிரான்சைஸை விட்டு விலகியவர்களைத் தேடிப்பிடித்து, ஏன் விலகினீர்கள் என்று கேட்பது பயன் தரும்.

கேள்வி: டெக்சாஸில் எங்களுக்கு இரண்டு தோசைக் கடைகள் உள்ளன. அங்கும் சிகாகோவிலும் ஃபிரான்சைஸ் கொடுக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: டெக்சாஸில் வேலை எளிது: மாநிலச் செயலர் அலுவலகத்தில் 25 டாலர் கட்டி, மாநிலத்தின் தொழில்வாய்ப்புச் சட்டத்திலிருந்து விலக்குப் பெறும் அறிவிப்பை ஒரேயொரு முறை தாக்கல் செய்தால் போதும். சிகாகோ அப்படியல்ல. இல்லினாய் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் பதிவு முடியும் வரை விலை பேசுவதே கூடாது. விளம்பரம் தருவதும் வம்புதான். புதிதாகத் தொடங்கிய ஃபிரான்சைஸ் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் சொந்த முதல் குறைவாக இருந்தால், பயிற்சி, கடை அமைப்பு உள்ளிட்ட தொடக்கக் கடமைகளை நீங்கள் நிறைவேற்றி, கிளை திறக்கும் வரை நுழைவுக் கட்டணத்தை வாங்கக் கூடாது என்ற நிபந்தனையை அதிகாரிகள் விதிக்கலாம். அந்தக் கட்டணத்தை நம்பித்தான் சமையல் பயிற்சியாளரை அனுப்பப் போகிறீர்கள் என்றால், முதலில் கைமுதலைத் திரட்டிக்கொள்வதே என் யோசனை.

பதிவு செய்தபின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். டிசம்பர் 31-இல் கணக்கு முடிக்கும் நிறுவனங்களுக்கு ஃபெடரல் விதிப்படி 120 நாட்களுக்குள் ஆவணத்தைத் திருத்த வேண்டும். தணிக்கையாளர் தாமதித்தால், பதிவு மாநிலங்களில் வசந்தகாலத்தில் புதிய விற்பனையையே நிறுத்திவைக்க நேரும். ஆகவே தணிக்கையாளரை நவம்பரிலேயே ஒப்பந்தம் செய்துவிடுங்கள்.