திரையை இரண்டாகப் பிரித்தால் எழுத்து ஏன் சுருங்குகிறது?

பிடிஎஃப் ஒன்றைப் பார்த்து வேர்டில் தட்டச்சு செய்யும் வாசகர் கேட்கிறார்: "லேப்டாப் திரை 1366×768. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்து படிக்கவே முடியவில்லை. மறுபக்கத்தை நகர்த்த ஒவ்வொரு முறையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கிறது. வழி உண்டா?"

உண்டு. சரிபாதியாகப் பிரிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு இடது அம்புக்குறியைத் தட்டினால் வேர்டு இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். மீதிப் பாதியில் திறந்திருக்கும் மற்றவை சிறு படங்களாகத் தெரியும். பிடிஎஃப்பைக் கிளிக் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டில் மவுஸை வைத்தால் இருபுறம் பார்க்கும் அம்பு வரும். அதைப் பிடித்து இழுத்தால் ஒன்று அகல, மற்றது குறுகும். படிக்கும் பக்கத்துக்கு அதிக இடம் கொடுங்கள். தட்டச்சுக்குக் குறைவாக இருந்தாலும் போதும். பிடிஎஃப்பும் வேறொரு பக்கமும் ஒரே பிரவுசரில் டேப்களாக இருந்தால் இப்படிப் பிரியாது. ஒரு டேபைப் பிடித்துக் கீழே இழுத்துத் தனிச் சாளரமாக்குங்கள்.

எழுத்து சுருங்கக் காரணம், பெரும்பாலும் வேர்டு தாளின் முழு அகலத்தையும் காட்டும்படி அமைந்திருப்பதுதான். 'வியூ' தாவலில் 'வெப் லேஅவுட்' தேர்ந்தெடுங்கள். தாளின் ஓரம் மறைந்து, வரிகள் சாளரத்தின் அகலத்துக்கு மடங்கும். எழுத்தைப் பெரிதாக்கினாலும் பக்கவாட்டில் ஓடாது. அச்சிடும் முன் 'பிரிண்ட் லேஅவுட்'டுக்குத் திரும்ப மறக்காதீர்கள், பக்கம் எங்கே முறிகிறது என்பது அங்கேதான் தெரியும். கன்ட்ரோலுடன் எஃப்1 தட்டினால் மேலே உள்ள பட்டை சுருங்கி இன்னும் சில வரிகளுக்கு இடம் கிடைக்கும். 768 புள்ளி உயரத்தில் அது சின்ன லாபமில்லை.

அப்படியும் இடம் போதாவிட்டால் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போய் 'ஸ்கேல்', அதாவது திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். பலர் கவனிக்காத இடம் இது. 100 சதவீதத்தில் உங்கள் திரையின் பாதி 683 புள்ளி. 125 சதவீதம் என்றால் செயலிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 546 மட்டுமே. 1920 புள்ளித் திரையில்கூட 150 சதவீதம் வைத்தால் பாதி 640தான், உங்கள் 683ஐவிடக் குறைவு! சில செயலிகளுக்குக் குறைந்தபட்ச அகலம் உண்டு. அதற்குக் கீழே சுருங்காமல் பக்கத்துச் சாளரத்தின்மேல் ஏறி நிற்பவை அவைதான். அத்தகைய செயலிக்கே பெரிய பங்கைக் கொடுங்கள்.

கிளிக் தொல்லைக்கு மவுஸ் செட்டிங்ஸில் 'ஸ்க்ரோல் இன்ஆக்டிவ் விண்டோஸ்' என்று தொடங்கும் தேர்வை இயக்குங்கள். பிறகு சுட்டியைப் பிடிஎஃப் மேல் கொண்டுபோய்ச் சக்கரத்தை உருட்டினால் போதும், அது நகரும்; தட்டச்சுக் குறி வேர்டிலேயே நிற்கும். ஆனால் பிடிஎஃப்பில் தப்பித் தவறிக் கிளிக் செய்துவிட்டால் அடுத்துத் தட்டும் எழுத்துகள் வேர்டுக்குப் போகாது. ஒரு வரி அடித்தும் எதுவும் விழவில்லையென்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.