மில்லிகிராமா, யூனிட்டா? கேட்டுவிட்டு ஊசி போடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 8 வயது, 20 கிலோ. வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று சொல்லி, வீட்டிலேயே தினமும் ராத்திரி ஊசி போடச் சொன்னார்கள். இதுவரை பேனா ஊசி. இந்த மாதம் அது கிடைக்கவில்லை என்று மருந்துக் கடையில் பொடி மருந்து உள்ள குப்பியும் இன்சுலின் சிரிஞ்சும் தந்துவிட்டார்கள். சீட்டில் 0.6 மில்லிகிராம், குப்பியில் 4 யூனிட். எந்தக் கோடு வரை எடுப்பது? – ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: அம்மா, முதலில் இன்று ராத்திரி ஊசியை விட்டுவிடுங்கள். ஒரு நாள் தவறினால் குழந்தையின் வளர்ச்சிக்கு ஒன்றும் ஆகிவிடாது, மறுநாள் சேர்த்து இரட்டிப்பாகப் போடவும் கூடாது. காலையில் டாக்டரிடமோ அங்கே ஊசி போடக் கற்றுக்கொடுத்த நர்ஸிடமோ குப்பி, சிரிஞ்ச், சீட்டு மூன்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த மருந்தில் 1 மில்லிகிராம் என்பது 3 யூனிட். அப்படியானால் உங்கள் மகளுக்கு வேண்டியது 1.8 யூனிட். ஆனால் இன்சுலின் சிரிஞ்சில் அச்சடித்திருக்கும் யூனிட் இன்சுலினுக்கானது, வளர்ச்சி ஹார்மோனுக்கும் அந்தக் கோடுகளுக்கும் சம்பந்தமே இல்லை. 4 யூனிட் குப்பியில் 1 மில்லி தண்ணீர் கலந்தால் 1.8 யூனிட்டுக்கு 0.45 மில்லி எடுக்க வேண்டும். அது சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் 18 என்ற அளவு, ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சில் 45 என்ற அளவு. சீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு '1.8' என்ற இடத்தில் சிவப்பு மூடி சிரிஞ்சை நிறுத்தினால் பத்தில் ஒரு பங்கு மருந்துதான் உள்ளே போகும், மாதக்கணக்கில் காசைக் கொட்டியும் குழந்தை வளராது. யாராவது 1.8ஐ மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால் மூன்று மடங்கு போய்விடும். கலக்கும் தண்ணீரின் அளவு மாறினாலும் கோடு மாறும், அதனால் நான் எழுதிய எண்ணை வைத்துப் போட்டுவிடாதீர்கள். நர்ஸை விட்டு உங்கள் சிரிஞ்சிலேயே கோட்டைக் காட்டச் சொல்லி, பேனாவால் ஒரு அடையாளம் போட்ட மாதிரி சிரிஞ்சை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கலக்கும்போது தண்ணீரைப் பொடியின் மேல் பீய்ச்சாமல் குப்பியின் சுவரோரமாக மெதுவாக விடுங்கள். குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினால் போதும். கலங்கலாகவோ துகளாகவோ இருந்தால் போட வேண்டாம். மிச்ச மருந்தை வைத்திருக்கலாமா என்பது கூட வந்த தண்ணீரைப் பொறுத்தது. கெடாமல் இருக்கும் மருந்து சேர்த்த தண்ணீர் என்றால் பிரிட்ஜில் வைத்து, உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும் நாள் வரை எடுக்கலாம். வெறும் ஊசித் தண்ணீர் என்றால் மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும், மனசு கேட்காது, ஆனாலும் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் ஐந்து மணி நேரம் பிரிட்ஜ் ஓடவில்லை. பையனின் பேனா மருந்தைத் தூக்கிப் போட வேண்டுமா? – ஒரு அப்பா, கரூர்

பதில்: கதவைத் திறக்காமல் வைத்திருந்தீர்கள் என்றால் அநேகமாக மருந்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய மருந்து இது. சில கம்பெனி பேனாக்கள் 25 டிகிரி வரை சில நாள் தாங்கும், சில தாங்காது, நம்ம ஊர் சித்திரை வெயிலில் வீட்டுக்குள் 25 டிகிரி எங்கே இருக்கிறது? அதனால் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

எனக்குப் பயம் சூட்டைவிட உறைவதில்தான். சூடானால் எல்லோரும் கவலைப்படுகிறோம், உறைந்ததை யாரும் கவனிப்பதில்லை. ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டிலும், பின்சுவரை ஒட்டியும் வைத்த மருந்து உறைந்துவிடும். மறுபடி உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் அது வீண், போடக் கூடாது. நடுத்தட்டில், ஒரு டப்பாவுக்குள், சுவரில் படாமல் வையுங்கள். முதலில் திறந்த தேதியைப் பெட்டியின் மேல் எழுதுங்கள். ஊருக்குப் போகும்போதும் ஐஸ் கட்டி நேராக மருந்தில் படாமல் துணி சுற்றுங்கள். விமானம் என்றால் கைப்பையில், சீட்டோடு.

கேள்வி: எனக்கு 21 வயது. ஜிம்மில் பழகிய அண்ணன் இந்த ஊசி போட்டால் உயரம் கூடும் என்கிறார். போடலாமா? – ஒரு வாசகர், சேலம்

பதில்: வேண்டாம் தம்பி. எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு எந்த ஊசியும் உயரத்தைக் கூட்டாது. சர்க்கரை ஏறும், கை கால் வீங்கும், நாள்பட்டால் தாடையும் விரலும் தடிக்கும். சீட்டு இல்லாமல் கைமாறி வரும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று அந்த அண்ணனுக்கும் தெரியாது.

கேள்வி: பாப்பா அழாமல் காட்டுவதால் எப்போதும் வலது தொடையிலேயே போடுகிறோம். இப்போது அங்கே குழி விழுந்த மாதிரி இருக்கிறது. – ஒரு பாட்டி, பொள்ளாச்சி

பதில்: ஒரே இடத்தில் குத்தியதால் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு கரைந்திருக்கிறது பாட்டி. டாக்டரிடம் காட்டுங்கள், அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இடது தொடை, புட்டம், தொப்புளுக்குக் கொஞ்சம் தள்ளி வயிறு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள், காலண்டரில் குறித்தால் மறக்காது. ஒவ்வொரு தடவையும் புது ஊசி முனை. அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் ஊசி இருந்தாலும், முனையை மாற்றினாலும், ஒரே பேனாவைப் பகிரக் கூடாது. போட்ட முனையைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிரம்பியதும் ஆஸ்பத்திரியில் கொடுங்கள். வெறும் குப்பைப் பையில் போட்டால் குப்பை பிரிக்கிற அக்காவின் கையில்தான் அது ஏறும்.

கேள்வி: ஊசி ஆரம்பித்து ஆறு மாதத்தில் மகன் நன்றாக வளர்ந்திருக்கிறான். ஒரு வாரமாக முழங்கால் வலி என்று லேசாக நொண்டுகிறான். விளையாட்டில் அடிபட்டது என்று விடலாமா? – ஒரு அம்மா, நாகர்கோவில்

பதில்: விடாதீர்கள். வேகமாக வளரும்போது இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவுவது உண்டு, வலி முழங்காலில் தெரியும், அதனால்தான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். இன்றே டாக்டரிடம் காட்டி, முழங்காலோடு இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை ஓட வேண்டாம், அந்தக் காலை ஊன்றியும் நடக்க வேண்டாம். விடாத தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல் வந்தாலும் இதே அவசரம்தான். ஊசியைத் தொடரலாமா என்று டாக்டர் சொல்லும்வரை அடுத்த ஊசியைப் போடாமல் இருங்கள்.